ஓர் ஊர் முன்னால்

நான் சர்க்கஸ் பார்த்ததில்லை.
பன்னிரண்டு வருடமாக அதில்தான் வேலை.

கூடாரம் ஆத்ரியாவில் விரியும்போது
நான் கொதிகோரோவில் இருப்பேன்,
சைக்கிள் கைப்பிடியில் பசை வாளி,
முதுகில் அறுபது தாள் சுருள்.
யானை கொதிகோரோ வந்து சேரும்போது
(யானை என்பது முதலாளி போர்த்தொலொத்தியின் வாய்வார்த்தை,
வருவது ஒரு கிழட்டு ஒட்டகம்)
நான் கொமாக்கியோவில்
விலாங்குமீன் வியாபாரியிடம்
சுவர் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வெள்ளம் வடிந்து இரண்டாம் குளிர்காலம்.
போ ஆற்றங்கரை ஊர்களில்
எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்தில் ஒரு பழுப்புக் கோடு.
அதற்குக் கீழே ஒட்டினால்
ஈரம் ஏறி விடிவதற்குள் உரிந்துவிடும்.
மேலே ஒட்டுவேன்,
சைக்கிள் சீட்டில் ஏறி நின்று.
எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்,
கைதட்டியவர் இல்லை.

தாளில் செல்மீரா.
தலைகீழாக, ஒற்றை முழங்காலில் தொங்குகிறாள்.
பல்லில் கடித்த கயிற்றில் ஒரு நாற்காலி.
நாற்காலியில் யாரும் இல்லை.
பதுவாவில் அச்சடித்தவன்
சிவப்பைத் தாராளமாக விட்டுவிட்டான்,
உதடு கன்னம்வரை வழிந்திருக்கும்.

நேரில் வெளுத்தவள்.
டிக்கெட் பெட்டிமேல் உட்கார்ந்து
மற்றவர் காலுறைகளைத் தைப்பாள்.
ஒருநாள் என் வாளிக்குள் விரலை விட்டு
நக்கிப் பார்த்து
"உப்பு போதாது" என்றாள்.
மைதாவும் தண்ணீரும்.
கூட்டம் சேராத மாதங்களில்
பாதியை நான் குடித்துவிட்டு
மீதியைச் சுவருக்குக் கொடுப்பது
அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை
தபால் பஸ் டிரைவர் ஒரு பொட்டலம் தந்தான்.
வெள்ளைப் பட்டைத் தாள் ஒரு கட்டு,
முதலாளியின் கையெழுத்தில்:
"விழுந்துவிட்டாள். பெயரை மூடு.
முகம் இருக்கட்டும், முகம் கூட்டம் சேர்க்கும்.
பட்டைச் செலவு உன் கூலியில்."
உயிரோடு இருக்கிறாளா என்று எழுத
அவருக்கு இடம் போதவில்லை.

முதல் சுவரில் ஒரு பட்டை ஒட்டினேன்.
ஈரத்தில் பெயர் அடியிலிருந்து ஊறித் தெரிந்தது.
இன்னொன்று ஒட்டினேன். அப்போதும்.
வலை உலர்த்திய பெண் ஒருத்தி
"என்ன, இறந்துவிட்டாளா?" என்றாள்,
ரொட்டி விலை கேட்கும் குரலில்.

பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக
சைக்கிளைப் பின்பக்கம் திருப்பினேன்.
மூடுபனி. வழியெல்லாம் என் தாள்கள்,
எதிர்த்திசையில் வரும்போதுதான் கவனித்தேன்
எத்தனை கோணலாக ஒட்டியிருக்கிறேன் என்று.

ஆத்ரியாவில் கூடாரம் இல்லை.
புல்லில் ஒரு மஞ்சள் வட்டம்,
ஒட்டகச் சாணம், ஒரு ஆணி.
வேறு வழியில் எனக்கு முன்னால் போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில்,
இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு.
அவள் முகத்தைப் பார்க்கும் முன்
அதைத்தான் பார்த்தேன், தொழில் புத்தி.
பட்டைமேல் பட்டை, குமிழி இல்லை, சுருக்கம் இல்லை.
நல்ல கை.

"கொமாக்கியோவில்
என்னை எவ்வளவு உயரத்தில் ஒட்டினாய்?"
என்று கேட்டாள்.
வெள்ளக் கோட்டுக்கு மேலே என்றேன்.
"எத்தனை சாண்?"
நான் சாண் வைத்துக் காட்டினேன், காற்றில்.
அவள் எண்ணினாள், நம்பவில்லை.

கன்னியாஸ்திரீ ஒருத்தி
என் மீதிப் பட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்,
மருந்துப் புட்டிகளில் பெயர் எழுதி ஒட்டுவதற்கு.
பசை இருக்கிறதா என்றாள்.
கொஞ்சம் இருந்தது.