இரண்டு திர்ஹம்

சஜா முகாமில் என் ஹார்ட் டிஸ்க்தான் தியேட்டர்.
புதுப்படம் இரண்டு திர்ஹம்,
பழசு சும்மா.

அன்றைக்கு மேல்கட்டிலிலிருந்து
பிச்சைக்கனி இறங்கி வந்தான்.
சாரம் கட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான்.
"இந்த மழை நான் பிடிச்சது" என்றான்.

சிரித்தோம்.

"வால்பாறையில, தகரத்துக்குக் கீழ,
மைக்கோட மூணு ராத்திரி.
கடைசியில பேர் வரும், பாருங்க."

மழைக்கு நடுவே
எந்த ஊர்த் தியேட்டரிலோ எவனோ இருமினான்.
நாயகி அழுதாள்.
திரை கறுத்தது.

டிஸ்க்கில் இடம் போதாதென்று
எல்லாப் படத்துக்கும் வாலை நறுக்குவது
நான்தான்.

ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

பென் டிரைவை நீட்டினான்.
"ஏத்திக் குடு."
காசு வேண்டாமென்றேன்.
இரண்டு திர்ஹத்தை
என் தலையணைமேல் வைத்துவிட்டு
ஏறிப் படுத்துக்கொண்டான்.