கழிவு

ரெண்டு நாளைக்கு ஒன்பதாயிரம் என்றாள் பூரணி.
கொடியிலிருந்து நேராக இலைக்கு,
நடுவில் யாருமில்லை என்று போட்டிருந்ததாம்.
நடுவில் இருப்பவன் நான்.
மாட்டுத்தாவணிப் பழமண்டியில்
பத்தொன்பது வருஷமாக நடுவில்தான் இருக்கிறேன்.
ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன்.

நிலக்கோட்டை தாண்டிச் செம்மண் பாதை.
சிறுமலை வலப்பக்கம் கூடவே வந்தது.
கல்தூண், கம்பி, கழுத்தளவில் பந்தல்.
"குனிஞ்சு வாங்க சார்" என்றார் தோட்டக்காரர், சந்தியாகு.

பழம் தொங்கி நான் பார்த்ததில்லை.
படுத்துத்தான் பார்த்திருக்கிறேன், பெட்டியில், காகிதத்துக்கு நடுவே.
இலையெல்லாம் மயில்துத்தக் கறை.
கொத்தின்மேல் வெள்ளையாய் ஒரு மாவு.
மருந்தென்று துடைக்கப் போனேன்.
"அது பழத்தோட பவுடரு சார்.
ஒருதரம் கை பட்டா அவ்வளவுதான்."
என் கடைக்கு வருவதற்குள்
எத்தனை கை பட்டிருக்கும்.

மதியம் வாழையிலை. வேலியோர அவரை,
நாட்டுக்கோழி, வரமிளகாய் போட்ட திராட்சைப் பச்சடி.
பெங்களூர்ப் பையன் ஒருவன் ஒயின் கேட்டான்.
"அதுக்கு லைசென்சு வேணும் தம்பி.
பூசைக்குக் காய்ச்ச நம்ம சாமியாரு கொஞ்சம் வாங்குவாரு.
என் பழத்துல கொஞ்சம் ரத்தமாகும்,
மிச்சம் மதுரைக்குப் போயி தண்ணியாகும்."
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்துவிட்டு, வாய் சும்மா இருக்காமல்,
"பெட்டி பதினஞ்சு கிலோ நிக்குமா?" என்றேன்.

கரண்டி அந்தரத்தில் நின்றது.
"என்.கே.எஸ். அண்ணாச்சியா?"

பதினோரு வருஷம். விடிகாலை நாலரை மணி.
ஒரு குரல் கேட்கும்: என்ன ரேட்டு போச்சு அண்ணாச்சி?
ஒரு குரல் சொல்லும்: நாப்பத்திரெண்டு.
அடிப்பழம் நசுங்கல். கழிவு மூணு கிலோ.
நசுங்கிய நாளிலும் சொன்னேன்.
நசுங்காத நாளிலும்.

ஒரு கரண்டி குழம்பு கூடுதலாகவே ஊற்றினார்.
அது தொண்டையில் இறங்கவில்லை.
"காரமா?" என்றாள் பூரணி.
ஆமாம் என்றேன்.

மறுநாள் நாலரைக்குத் தானாக விழிப்பு.
பந்தலடியில் தலைவிளக்கு ஒன்று
கொத்துக்குக் கொத்து நகர்ந்துகொண்டிருந்தது.
குனிந்து போய்ப் பெட்டியைப் பிடித்தேன்.
அவர் நறுக்கினார், நான் வாங்கி வைத்தேன்,
காம்பைப் பிடித்து, காம்பை மட்டும் பிடித்து.
அவர் ரேட்டுக் கேட்கவில்லை.
எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.
எங்கோ மயில் அகவியது, இன்னும் இருட்டு.

கிளம்பும்போது பில்.
அறை. சாப்பாடு. பறித்த பழம் ஐந்து கிலோ.
கடைசி வரியில், உருண்டையான எழுத்தில்:
கழிவு, முந்நூறு. கழித்திருந்தார்.
"என்னங்க கழிவு? எதையும் நாம மிச்சம் வைக்கலையே?"
சந்தியாகு அடுத்த வண்டிக்கு
வழி காட்டப் போய்விட்டார்.

வாடிப்பட்டி வரை பூரணியின் மடியில் பெட்டி.
டீக்கு நிறுத்தினோம்.
பழக்கதோஷம், என் கை
மேல்கொத்தை ஒதுக்கி
நேரே அடிக்குப் போனது.
வெளியே எடுத்தேன்.

விரலெல்லாம் மாவு.