விஷத்தின் பெயர் என்ற கட்டம்

தெல்லிப்பழை ஆஸ்பத்திரி. கார்த்திகை மழை.
வார்ட்டில் இரண்டு லைற் எரியவில்லை.
எமில்டா வாளிக்குள் குனிந்தபடி சொன்னா:
"காளான் எண்டுதான் நினைச்சனான், நேர்ஸ்.
விடுபட்ட காணி. தறிச்ச பனங்குத்தி உக்கி
சுத்திவர வெள்ளை வெள்ளையா..."

படிவத்தில் ஒரு கட்டம்: விஷத்தின் பெயர்.
நாய்க்குடை என்று எழுதினேன்.

டொக்டர் திலினி எழுத்துக் கூட்டி வாசித்தா.
நாய் தெரியும், குடை தெரியும்,
இரண்டையும் ஏன் சேர்த்தீர்கள்?
அவவின் மொழியில் பிம்மல். நிலத்துப் பூ.
கொன்றாலும் பூதான்.

சேலைன் சொட்டுகிற நேரத்தில் பதில் தேடினேன்.
நாய் காலைத் தூக்கிய இடத்தில் முளைப்பதென்று
அற்றென்டன் செபமாலை சத்தியம் பண்ணினார்.
அப்படிப் பார்த்தால்
இந்த ஆஸ்பத்திரி மதில் நீளத்துக்கும்
குடை விரிந்திருக்க வேணும்.
நாய் மழைக்கு ஒதுங்குகிற குடை என்றது
பக்கத்துக் கட்டில்.
எந்த நாய்? அதன் மூக்கு நுனிக்கே காணாது.

எனக்குப் பட்டது வேறு.
புடல் பந்தலில், பேய்ப்புடல் பற்றைக்குள்.
வேளை சட்டிக்குள், நாய்வேளை வேலிக்கு வெளியே.
வாயில் வைக்காதே என்று சொல்ல
எங்களிடம் ஒரு பேயும் ஒரு நாயும் இருந்தன.
மண்டையோட்டுப் படம் போத்தலில் ஒட்ட முந்தியே
சொல்லின் வாசலில் கட்டி விட்டிருக்கிறோம்,
குரைக்கட்டும் என்று.
நாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எமில்டாவுக்குக் குரைப்புக் கேட்கவில்லை.
இருபத்தாறு வருஷம் முகாம்.
கலியாணமும் அங்கேதான், தறப்பாளின் கீழ்.
காளானைக் கண்டது கடையில்,
பொலித்தீன் சுற்றி, விலை ஒட்டி,
பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லாமல்.

இரண்டாம் நாள் எழும்பி இருந்தா.
பிளேன்ரீ கேட்டா, சீனி கூடப் போட்டு.
"எங்கட நாய் மணந்து பாத்திட்டு
அங்காலை போட்டுது, நேர்ஸ்.
நான்தான் மினக்கெட்டு அரிஞ்சனான்."
வார்ட் முழுக்கச் சிரிப்பு.
செபமாலைக்குப் புரைக்கேறியது.

திலினி சிரிக்கவில்லை.
என்னை ஜன்னலடிக்குக் கூப்பிட்டு
ஈரல் இரத்தத் தாளைக் காட்டினா.
சில குடைகளுக்கு
இரண்டாம் நாள் பொய் சொல்லத் தெரியுமாம்.
மூன்றாம் நாளைத்தான் நம்ப வேணும்.
படிவத்தில் என் சொல்லுக்குக் கீழே
தன் எழுத்தில் பூவையும் எழுதியிருந்தா.

"நாளைக்கு வீட்டை போகலாமோ?"

தெர்மாமீட்டரை உதறி
எமில்டாவின் நாக்குக்குக் கீழே வைத்தேன்.
மூன்று நிமிஷத்துக்கு
அவ ஒன்றும் கேட்க முடியாது.