தப்பாவ்

வந்த முதல் வாரம்
ஈசூன் காப்பிக்கடையில்
மீ கோரெங் கேட்டு நின்றேன்.
கடைக்காரர் சட்டியிலிருந்து
தலை நிமிராமல் கேட்டார்:
"தப்பாவா?"

என்ன தப்பு செய்தேன் என்று
வரிசையைத் திரும்பிப் பார்த்தேன்.
யாரையும் முந்தவில்லை.
சில்லறையும் கையில்தான் இருந்தது.
"இல்லைங்க" என்றேன், கொஞ்சம் ரோஷமாக.
தட்டில் போட்டுத் தந்துவிட்டார்.
உட்கார இடமில்லை.
தூணோரம் நின்று தின்றேன்.

பிறகுதான் தெரிந்தது
தப்பாவ் என்றால் பொட்டலம்,
தப்பாவ் என்றால் வீட்டுக்கு,
டப்பாவுக்கு முப்பது காசு தனி.

எனக்கு வீடில்லை, அறைதான்.
திருமதி சியாவின் மூன்றறை வீட்டில்
அடுப்படியை ஒட்டிய அறை.
ஒப்பந்தத்தின் ஐந்தாம் வரி:
சமைக்கக் கூடாது. வெந்நீர் வைக்கலாம்.
வெந்நீரில் என்னவெல்லாம் வேகும் என்று
அவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

ஆகவே தினமும் டப்பா.
சோற்றுக்குக் கறுப்பு அடி, தெளிந்த மூடி.
சூப்புக்கு உருண்டை,
சூடு தாங்காமல் இடுப்பு நெளியும்.
பழுப்புத்தாள் மடிப்புக்கு ஒரு ரப்பர் வளையம்;
கதவுக் கைப்பிடியில்
இப்போது நூற்றுச் சொச்சம் வளையங்கள்.
காப்பி மட்டும் பையில் வரும்.
கயிற்றில் கட்டி விரலில் தொங்க
மின்தூக்கியில் பதினோராம் மாடி வரை
என்னோடு பேசாமல் ஆடிக்கொண்டே வரும்.

எறிய மனம் வருவதில்லை.
கழுவுகிறேன்.
சம்பால் சிவப்பு போவதில்லை,
மூன்று சோப்புக்கும் அசையாது,
கல்யாணம் முடிந்து பத்து நாளான மருதாணி மாதிரி.
கட்டிலுக்கடியில் அடுக்கு ஏறுகிறது.
ஒன்றில் மாத்திரை,
ஒன்றில் பித்தான், ஊசி,
ஒன்றில் சம்பளச் சீட்டு,
ஒன்றில் வேறு டப்பாக்களின் மூடிகள்.
மூடிகள் தனிச் சாதி.
ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியதும்
ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது.

இரவு காணொளியில் தங்கை செம்பா வருவாள்.
அதற்குமுன்
டப்பாச் சோற்றை எவர்சில்வர் தட்டில் கவிழ்த்து
ஓரத்தைக் கையால் சரிசெய்துகொள்வேன்.
டப்பாவின் நான்கு மூலையும்
சோற்றில் அப்படியே நிற்கும்.
"என்னக்கா, செங்கல்லா திங்கிற?" என்பாள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு வைராக்கியம்.
இரண்டடுக்குத் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு
சாய்பிங் கடைக்குப் போனேன்.
மெய்ஃபோங் அக்கா
தூக்கைப் பார்த்து, என்னைப் பார்த்து,
கட்டைவிரலை உயர்த்தினார்.
பிறகு
புது டப்பா ஒன்றை எடுத்து
சோறு வைத்து, முட்டைக்கோஸ் வைத்து,
மீன் துண்டை ஓரத்தில் சாய்த்து,
எல்லாவற்றையும் என் தூக்கில் கொட்டி
டப்பாவைக் காலடிக் கூடையில் போட்டார்.
"அளவு தெரியணும்ல" என்பதை
மூன்று மொழியில் கையாலேயே சொன்னார்.
காசில் முப்பதைக் குறைத்துக்கொண்டார், நியாயமாக.

அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கேட்டு வாங்கிவிடலாமா?
பின்னால் வரிசை நின்றது.

என் தலைமாட்டுச் சுவருக்குள்தான்
குப்பைக் குழாய் இறங்குகிறது.
பதினொரு மணிக்கு மேல்
மேல் மாடிகளின் ராச்சாப்பாடு
ஒவ்வொன்றாகக் கீழே போகும்.
காலி டப்பா விழுந்தால் தெரியும்.
எடையே இல்லாதது
இத்தனை சத்தம் போடுகிறது.

எல்லாவற்றையும் எரித்து,
சாம்பலைப் படகிலேற்றி,
தெற்கே கடலில் ஒரு தீவில் சேர்க்கிறார்கள்.
மரமெல்லாம் முளைத்திருக்கிறதாம், பறவை வருகிறதாம்.
என் மீ கோரெங்கும் அங்கே
ஒரு பிடி மண்ணாகக் கிடக்கும்.
ஒரு ஞாயிறு போய்ப் பார்க்கலாம் என்று
வேலையிடத்தில் விசாரித்தேன்.

போகலாமாம்.
கடை கிடையாதாம்.
சாப்பாடு மட்டும்
கட்டிக்கொண்டு போகணுமாம்.