காந்தம் ஒட்டாத விளக்கு

தக்கலையில் அசனாரின் தகரக் கொட்டகை.
கூரையிலிருந்து தலைகீழாய்த் தொங்குகிறது
பித்தளை, பீங்கான், நீலக் கண்ணாடி,
துருவேறிய சங்கிலிகளில்
யார் யார் வீட்டு ராத்திரிகளோ.
"மேல பாத்தே நடக்காதுங்கோ,
கீழ அம்மி கெடக்கு."

கைப்பேசித் திரையில் பென்சிகர்.
மஸ்கட்டில் சாப்பாட்டு இடைவேளை,
ஹெல்மெட் கழற்றிய நெற்றியில் ஒரு கோடு.
"அந்தா, அந்தப் பெருசு. அதக் காட்டு."

பதினெட்டுக் கை.
தொங்கும் படிகங்கள், நான் எண்ணியதில் நூற்றுப்பதினொன்று,
அசனாரின் மகன் எண்ணியதில் நூற்றுப்பதிமூன்று.
ஒரு கிண்ணத்துக்குள் குளவி கட்டிய மண்வீடு.
"கோட்டயத்து பங்களா சாதனமாக்கும்.
தொரமாரு இதுக்கு அடியில நின்னு ஆடுனது."

பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன்.
போன லீவில் அவன் கொண்டுவந்தது,
மஸ்கட் கோட்டை வடிவம்,
ஃபிரிட்ஜில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருந்தது.
சரவிளக்கின் தண்டருகே கொண்டுபோனதும்
டக்கென்று ஒட்டியது கோட்டை.
இரும்பு.
மேலே பொன்வண்ணம்.
அசனார் தொண்டையைச் செருமினார்:
"தொரமாருக்கும் முடை உண்டும்லா."

சிரித்துவிட்டேன்.
பென்சிகர் சிரிக்கவில்லை.
"சவம் இரும்புன்னா என்ன?
வாறவன் காந்தமா கொண்டு வருவான்?
வாசல்ல கால வச்ச ஒடனே
அண்ணாந்து பாக்கணும் மேபலு."

பத்தடி உயரக் கூரை, நடுவில் ஒரே கொக்கி,
ஃபேனுக்கா விளக்குக்கா என்று
இன்னும் தீராத வழக்கு.
சித்திரையில் கருங்கல்
பேருக்கேற்றபடி காயும்போது
படிகம் காற்று வீசாது.
நூற்றுப்பதினொன்றோ பதிமூன்றோ,
ஒவ்வொன்றாய்க் கழற்றி வினிகர் தண்ணீரில் முக்கித்
துடைக்கப்போவதும் அவன் இல்லை.
திரையில் அவனுக்கு வெளிச்சம் தெரியும்.
ஏணியில் எனக்கு ஒட்டடை.

மூலையில் வேறொன்று கிடந்தது.
பால்கண்ணாடிக் குடை, விளிம்பில் பச்சைக் கோடு,
நகக்கண் அளவு ஒரு சில்லு பெயர்ந்து.
மார்த்தாண்டத்தில் இடித்த தையல்கடையில்
காஜா எடுப்பவன் தலைக்கு மேல் எரிந்ததாம்.
இதற்கு பங்களாக் கதை ஏதும் சொல்லவில்லை அசனார்,
அதனாலேயே நம்பினேன்.
கோட்டையை அதன் மூடியில் வைத்தேன்.
வழுக்கி என் உள்ளங்கையில் விழுந்தது.

"அது ஒத்த வெளக்குல்லா."
"ஆமா."
அங்கே இடைவேளை முடிந்து மணி அடித்தது.
"ஒனக்குப் புடிச்சத எடு" என்றான்.
சம்மதமா, சலிப்பா,
நெட்வொர்க் பிரித்துத் தரவில்லை.

டென்னிஸ் பழைய வயரை உருவினான்.
மேலே சுற்றிய நூல், கைபட்டதும்
முறுக்குப்போல் நொறுங்கியது.
புது வயர், புது ஹோல்டர்.
"எவ்ளவு எறக்கட்டும்?"
அயினி மேசையின் முன் உட்கார்ந்தேன்.
"இன்னும். இன்னும் கொஞ்சம்."
முதலில் மேசை முழுக்க இருந்த வெளிச்சம்
ஆறு நாற்காலியையும் கைவிட்டு
ஒடுங்கி ஒடுங்கி
என் தட்டும் சாளைப் புளிமுளம் சட்டியும் மட்டும்
வட்டத்துக்குள் நின்றபோது
போதும் என்றேன்.

ஏணியிலிருந்து குனிந்து பார்த்தான்.
"சாரு ஆறடில்லா.
எழும்புனா மண்டைல முட்டும்."

எனக்கு அது நினைவில் இல்லாமல் இல்லை.
"பக்கத்துல சின்னதா இன்னொரு கொக்கி போடு.
ஆளு வரும்போ வயர சுத்தித் தூக்கிக்கிடலாம்."
"எத்தன நாளைக்கு?"
"நாப்பது."

டிரில்லரை எடுத்தான்.
சிமெண்ட் தூசி வெளிச்சத்துக்குள்
மெதுவாய் இறங்கத் தொடங்கியது.
தட்டை மூடினேன்.