இரண்டு விரல் அகலம்

கொள்முதல் நிலையத்தில் எனக்கு எண்கள்தான் வேலை.
சிப்பம் நாற்பது கிலோ.
ஈரப்பதம் பதினேழு.
தாண்டினால் களத்தில் கொட்டிக் காயவை என்று
ஆளின் முகத்தைப் பார்க்காமல் சொல்லப் பழகியிருந்தேன்.

வீட்டிலும் அதே கை.
சிலிண்டர் வந்த தேதி,
கோரையாற்றில் தண்ணீர் வந்த நாள், நின்ற நாள்.
பேனா மூடியைக் கடித்தபடி
எழுதி முடித்தால்தான் தூக்கம்.
"செத்தாலும் நேரம் போட்டுட்டுத்தான் சாவ"
என்பாள் சுபாஷிணி.

ஆதிரை பிறந்தாள்.
விடுப்பு முடிந்து
மன்னார்குடி பெரியாஸ்பத்திரிக்கு
இரவு டூட்டி போகிறவள் சொன்னது ஒன்றுதான்:
"பால், மூத்திரம், காய்ச்சல். மூணும் எழுதி வை."

நிலையத்துப் பழைய பதிவேடு ஒன்று கிடந்தது.
'விவசாயி பெயர்' கட்டத்தில் ஆதிரை.
'மூட்டை' கட்டத்தில் மில்லி.
இரவு 1.10. அறுபது. பாதி கக்கினாள்.
2.45. நனைத்தாள்.
ஓரத்தில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
இரண்டு விரல் அகலம்.
நிலையத்தில் ஒருநாளும் அதை நிரப்பியதில்லை.
3.20க்கு எழுதினேன்:
சிரித்தாள். காரணம் தெரியவில்லை.

அது கெட்ட பழக்கமாகிவிட்டது.
மின்விசிறியை ஒரு ஆள் என்று நினைக்கிறாள்.
ஓட்டில் மழை விழுந்தால் கால்விரல்கள் விரிகின்றன.
கட்டம் போதவில்லை.
கோட்டைத் தாண்டினேன், பொடி எழுத்தில்.

அவளுக்கு நாலு வயது.
நெல் வந்து குவிந்து, மழையும் வந்து,
தார்ப்பாய் பத்தாமல்
ஊர் வசவெல்லாம் வாங்கித் திரும்பிய மாலை,
பதிவேட்டின் மேல் ரசத்தைக் கொட்டினாள்.

அடித்தேன்.
முதுகில்.

அன்றிரவும் எழுதினேன்:
7.30. ரசம் சாதம். சாப்பிடவில்லை.
பக்கத்தில் வந்து நின்றாள். படிக்கத் தெரியாது.
"அடிச்சத எழுதிட்டியாப்பா?"

அதற்குக் கட்டம் இல்லை
என்று வாயெடுத்தேன்.
பிறகு
தாளைப் புரட்டினேன், கோடு போடாத பக்கம்.

நேரம் போடாமல் எழுதியது அன்றுதான்.
ஒன்றரைப் பக்கம்.
என் கை வந்தது. ரசத்தின் மிளகு வாசனை வந்தது.
பதினெட்டு என்று நான் திருப்பியனுப்பிய
ஒருவரின் முகம் வந்தது, நெற்றியில் ஒட்டிய தூசியோடு.
அதைப் பார்த்திருக்கிறேன் என்பதே
எழுதும்போதுதான் தெரிந்தது.

சுபாஷிணி காலையில் படித்தாள்,
யூனிஃபார்ம் மாற்றாமல், நின்றபடி.
ஒன்றும் சொல்லவில்லை.
'தழும்பு' என்றிருந்ததை அடித்து
'தடிப்பு' என்று திருத்திவிட்டு
வெந்நீர் போடப் போனாள்.

இதை நீடாமங்கலம் கேட்டில் எழுதுகிறேன்.
சரக்கு ரயில், எஞ்சின் திருப்புகிறார்கள்,
இருபது நிமிடம் நிச்சயம்.
பெட்ரோல் டேங்க் மேல் தாள்.
பக்கத்து வண்டிக்காரர் எட்டி எட்டிப் படிக்கிறார்.
மறைக்கலாம். மறைக்கவில்லை.
"நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கு சார்" என்கிறார்,
என்னைப் பார்க்காமல்.
"என்னைக் கேக்க மாட்டான். ஒதுங்கிப் போயிடுவான்."

கேட் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் அத்தனை ஹாரன்.
கிக்கரை உதைத்தபடியே கேட்கிறார்:
"அப்புறம் புள்ள சாப்பிட்டுச்சா?"

அதை எழுதவில்லை.
நாளைக்கும் இதே நேரம் கேட் மூடுவார்கள்.