வாரம் இருபது மணி

வெளிநாட்டு மாணவர் பிரிவில் நான்தான் குமாஸ்தா.
பச்சை அட்டைப் பதிவேடு ஒன்று, முத்திரை இரண்டு,
ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
காகிதங்களை வாரிக்கொண்டு போகாதிருக்க
மேசையில் ஒரு ஆற்றுக்கல்.

தியமிக்கே வந்து நின்றாள்.
மலாவி. உயிரித் தொழில்நுட்பம், இரண்டாம் ஆண்டு.
விதியைப் படித்துக் காட்டினேன்:
வளாகத்துக்குள் மட்டும்.
வாரம் இருபது மணிக்கு மேல் கூடாது.
நூலகம் சரி, ஆய்வகம் சரி.
கேன்டீன் ஆகாது; அது குத்தகைக்காரருடையது,
வளாகத்துக்குள் இருந்தாலும் வளாகம் இல்லை.

"உள்ளே இருக்குது. ஆனா வெளியே?"
கொஞ்சம் தமிழில், மீதி கையால் கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
பதினோரு வருடமாகப் படிக்கும் வரி.
அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

நூலகத்தில் அடுக்கினாள்.
பதினெட்டரை. இருபது. இருபது.
ஒரு வாரம் இருபத்தொன்று என்று எழுதியிருந்தாள்.
ஒன்றை அடித்துவிட்டுச் சுருக்கொப்பம் வைக்கச் சொன்னேன்.
அந்த ஒரு மணி நேரம்
ஒழுகலில் நனைந்த புத்தகங்களை
மொட்டைமாடியில் விரித்துக் காயவைத்தாளாம்.
புத்தகங்கள் காய்ந்துவிட்டன.

பிறகொரு புகார்: விடுதியில் காசு வாங்கிக்கொண்டு
பின்னல் போட்டுவிடுகிறாள், தலைக்கு நூற்றைம்பது.
காப்பாளர் சாந்தகுமாரி எழுதியிருந்தார்,
'இது வேலையா, நட்பா? தெளிவுபடுத்தவும்.'
மேலே அனுப்பினேன்.
'விதிப்படி' என்று ஒற்றைச் சொல்லோடு
கீழே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு பிழைப்பு.
விடியுமுன் மொபட்டை உதைத்து
சோதனைச் சாவடி தாண்டினால் வேலந்தாவளம்.
மாநிலம் மாறுவதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
காசிம் ராவுத்தர் மண்டியில் தக்காளிக் கணக்கு:
ஏலம் தமிழில், சண்டை மலையாளத்தில்,
கூட்டல் மட்டும் என் கையெழுத்தில்.
என் நியமன ஆணையின் ஏழாவது வரி சொல்கிறது,
வேறெங்கும் ஊதியத்துக்குப் பணியாற்றலாகாது.
பையனுக்குப் பல்லில் கம்பி கட்ட
முப்பத்தெட்டாயிரம் என்று
அந்த வரிக்கு யாரும் சொல்லவில்லை.

போன ஞாயிறு
சின்ன வெங்காயக் குவியலைச் சுற்றி
ஒழலப்பதிப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.
நடுவில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு,
அழுகலை இடப்பக்கமும் நல்லதை வலப்பக்கமும்
வேகமாக எறிந்துகொண்டு, அவள்.

நிமிர்ந்தாள்.
என் பேனா ஒரு பெட்டியை இரண்டு தடவை எழுதியது.

"தெரிஞ்ச புள்ளையா?" என்றார் ராவுத்தர்.
இல்லை என்றேன்.
அங்கே பக்கத்துப் பெண் அவளிடமும்
எதுவோ கேட்டிருக்க வேண்டும்.
"இல்லீங்க" என்றாள்,
எங்கள் ஊர் இழுவையோடு, சுத்தமாக.

திங்கள் காலை பதிவேட்டுக்கு வந்தாள்.
இந்த வாரம் எத்தனை?
"இருபது."
குனிந்து ஒப்பமிட்டபோது
விரல்களில் வெங்காய வாசம்.
என் கட்டைவிரல் நகத்தடியில்
மண்டியின் கார்பன் நீலம்.

முத்திரையில் மை காய்ந்திருந்தது.
ஊதி, இன்னொரு தடவை அழுத்தினேன்.